நகையும் எள்ளலும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். வடமொழியில் பரதர் சிருங்காரத்தை முன்னிறுத்தி நகையை அதற்கடுத்து வைக்க, நம் இலக்கண ஆசிரியரோ சிரிப்பிலிருந்தே தொடங்குகிறார். தமிழர் சிரிக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டி மேடைகளில் கைதட்டல் பெறுவோர் உண்டு. நாமும் ஒருமுறை பெற்றிருக்கிறோம். ஆனால் அந்நகை பிறக்கும் நிலைக்களன்களாக அவர் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் ஊன்றி நோக்குங்கால் உள்ளத்தில் ஒரு கலக்கம் உண்டாகிறது. நான்கும் ஏதோ ஒருவகையில் ஒருவரிடத்துள்ள குறைவைச் சார்ந்தே நிற்கின்றன. அங்ஙனமாயின், பிறர் குறை காணாமல் நகைத்தல் இயலாதா? இயலாதெனின், ஒருவரை நகைப்புக்குப் பொருளாக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இவ்வினா ஏட்டைப் புரட்டியதால் எழுந்ததன்று. 2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டில்லியில் நாம் உறுப்பினராயிருக்கும் ஒரு சிறு மன்றத்தில், கையில் மதிப்பெண் தாளுடன் அமர்ந்திருந்தபோது எழுந்தது. ஆண்டு விழாவிற்கென நகைச்சுவைக் குறுநாடகங்கள் சில நடத்துவதாக முடிவு செய்து, நடிகர் தேர்வுக்கு மூவரை நியமித்திருந்தார்கள். மூவரில் நாம் ஒருவர். நடிப்புக்கு நாற்பது, நகைச்சுவைக்கு நாற்பது, உச்சரிப்புக்கு இருபது என்று மதிப்பெண்களைப் பிரித்ததும் நாமே. பகலெல்லாம் கோப்பில் கட்டம் போட்டுப் பழகிய கைக்கு, சிரிப்புக்கும் கட்டம் போடுவது கடினமாக இல்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் திரைப்படத்தில் கேட்ட வசனங்களைத் திருப்பிச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தும்மலை மட்டுமே வைத்து ஐந்து நிமிடம் நடித்தார். இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. பின்னர் ஓர் இளைஞர் வந்தார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்கும் முகத்தான், “ரொம்ப நேரம் நின்னேன் சார், பஸ் இப்பத்தான் வந்தாள்” என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். இந்தியில் பஸ் பெண்பால். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் அதற்குப் பெண்பால் விகுதி கொடுத்துவிட்டார். அவர் ஒரு கணம் விழித்தார். தாமும் சிறிது சிரித்தார். எதற்கென்று அறியாமலே சிரித்தார் என்பது நன்றாகத் தெரிந்தது. அப்பால் அவர் வாய்திறந்தபோதெல்லாம் எங்கள் செவி அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அடுத்த வழுவுக்காகக் காத்துக்கிடந்தது.

அவர் நடித்துக்காட்டியது தம் தந்தையாரை. தெற்கேயிருந்து வந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் இந்தியின் ஆண்பால் பெண்பால் பிடிபடாத ஓர் அரசு ஊழியர், தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் காய்கறி வாங்கும் காட்சி. வெண்டைக்காயை ஆணாக்கி, உருளைக்கிழங்கைப் பெண்ணாக்கி, விலை குறைக்கச் சொல்லி அவர் படும் பாடு; இறுதியில் கொசுறாகக் கொத்தமல்லியைக் கேட்கச் சொல் கிடைக்காமல் விரல்களால் தழைபோல் ஆட்டிக் காட்டுவது. இப்போது எண்ணிப் பார்த்தால் அன்று வந்தவற்றுள் அதுவே சிறந்த நடிப்பு. ஆனால் அப்போது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. எம்மருகில் இருந்த நண்பர், “தம்பி, பெத்த அப்பாவைப் போயா கேலி பண்றது?” என்று கேட்டார். பிறகு, நாடகத்தில் வரும் வட்டிக்கடைச் சேட்டு வேடத்தை அவருக்குத் தரலாம் என்றார். நம்பள், நிம்பள் என்று தமிழைக் கொலை செய்யும் அந்தப் பழைய மேடைச் சேட்டுதான். “உங்களுக்கு அது இயல்பாகவே வரும்.” இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். “நான் நடிச்சப்ப நீங்க சிரிக்கலை சார். நடிக்காதப்பதான் சிரிச்சீங்க. எனக்கு வேண்டாம் சார்” என்று கைகூப்பிச் சென்றுவிட்டார். உச்சரிப்புக் கட்டத்தில் நாம் அவருக்கு இட்டிருந்தது நான்கு.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. நாம் டில்லிக்கு வந்தது 2002இல். பணியில் சேர்ந்த இரண்டாம் வாரம், தாமதமாக வந்ததற்குக் காரணம் கூற, அரைகுறை இந்தியில் ‘பஸ் ஆயா’ என்றோம். ‘ஆயீ’ என்றிருக்க வேண்டும். பிரிவு முழுவதும் சிரித்தது. அன்று முதல் பல நாட்கள் எவரேனும் ஒருவர், “மதராசி பாபு, உங்கள் பஸ் வந்தானா?” என்ற பொருள்படக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நாம் உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்து உண்டோம். அதே பேருந்து, அதே பிழை, திசை மட்டும் மாறியிருக்கிறது. நாம் அங்கே பட்டதை இங்கே அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவருடைய தந்தை நம்மைப் போன்ற ஒருவர். அவர் மேடையில் நிறுத்தியது நம்மை. அதனாலன்றோ சிரிப்பு வரவில்லை!

இலக்கணம் நம்மினும் கருணையுடையது. அஃறிணைப் பொருளை உயர்திணையாகக் கூறுதல் திணைவழுவே. ஆயினும் உவப்பு முதலிய காரணம் பற்றி வருமாயின் நன்னூலார் அதனை அமைத்துக்கொள்கிறார். பசு வருவதைக் கண்டு மகிழ்ந்து, தாய் வந்தாள் என்று சொல்வதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நெடுநேரம் நின்றவனுக்கு வந்து சேர்ந்த பேருந்து பசுவினும் குறைந்ததா என்ன? (நண்பர் இதனை ஏற்கவில்லை. இளைஞர் உவப்பினால் சொல்லவில்லை, அறியாமையால் சொன்னார் என்றார். அதுவும் உண்மையே.)

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பெர்க்ஸன் 1900இல் வெளியிட்ட ‘சிரிப்பு’ என்னும் நூலில், சிரிக்கும் நேரத்தில் இதயம் சற்றே மரத்துப்போக வேண்டியிருக்கிறது என்ற கருத்தைக் கூறியிருக்கிறார். சமுதாயம் தன் உறுப்பினரைத் திருத்தும் கருவியே சிரிப்பு என்பதும் அவர் கொள்கை. முன்னதை ஒப்புக்கொள்கிறோம், பின்னதை ஒப்ப மனம் வரவில்லை. மாடிப்படியில் உண்ட நாட்களில் நம் இந்தி திருந்தவில்லை. பேசுவதுதான் குறைந்தது. அவ்விளைஞரும் இனித் திருந்திய தமிழ் பேசுவார் என்பதைவிட, தமிழரிடம் இந்தியிலேயே பேசிவிடுவார் என்பதே நடக்கக்கூடியது. விளையாட்டாகச் செய்யும் இகழ்ச்சியும் துன்பம் தருவது என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் எச்சரித்தது இதனால்தான் போலும்.

அதற்காக எள்ளலையே விலக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திர பல்லவன் தன் ‘மத்தவிலாச’த்தில் கபாலிகரையும் புத்த பிக்குவையும் பாசுபதரையும் எள்ளியபோது, அக்கூத்து நிகழும் களமாகத் தன் தலைநகரையே வைத்தான். 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் வேலைக்காரனின் பேதைமை நம்மை வயிறு குலுங்க வைக்கிறது, ஆனால் எசமானனுக்கும் அதே பெயர், அவனும் அறிவில் அத்துணைச் சிறந்தவனல்லன். 1941இல் திரைப்படமானபோது டி. ஆர். இராமச்சந்திரனும் காளி என். இரத்தினமும் அவ்விரு சபாபதிகளாகத் தோன்றினார்கள். நகைப்பு ஒருவன் தலையில் மட்டும் விழாதபடி ஆசிரியர் பெயரிலேயே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்.

தொல்காப்பியத்திற்கு உரை கண்ட பேராசிரியரும் எள்ளலை இருதிறப்படுத்துகிறார்: பிறரை எள்ளுவதால் வரும் சிரிப்பு ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நம்மிடத்துத் தோன்றும் சிரிப்பு மற்றொன்று. மாணவப் பருவத்தில் இதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறோம். இரண்டாவது எத்துணை அரிது என்பதை அந்த ஞாயிறு காட்டியது. முதலாவதற்கு மூவரும் உடனே ஆளானோம். இரண்டாவது எம்மிடம் தோன்றவேயில்லை. அந்த இளைஞரோ பொருள் விளங்காமலேயே தம்மைப் பற்றிய சிரிப்பில் கலந்துகொண்டார்.

மறு ஆண்டு, உச்சரிப்புக்குரிய கட்டத்தை எடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் கூறினோம். “தமிழ் மேடையில் நல்ல தமிழ் வேண்டாமென்றால் வேறெங்கே கேட்பது?” என்றார் நண்பர். விடை சொல்லத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. கட்டம் இருக்கிறது, இருபது பத்தாகக் குறைந்ததோடு சரி. இளைஞரைத் தேடி அவர் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் அன்புடன் வரவேற்றுக் காப்பி கொடுத்தார். தம்மைப் போல மகன் நடித்துக்காட்டுவது அவருக்கு முன்பே தெரியுமாம். கொத்தமல்லிக் கட்டத்தை அவரே எழுந்து நின்று செய்து காட்டினார். மகன் உள்ளறையிலிருந்து வரவில்லை.

இவ்வாண்டு சேட்டு வேடத்தை நீக்கியிருக்கிறார்கள். அவ்விடத்தில், இந்தி பிடிபடாத டில்லி எழுத்தர் ஒருவர் காய்கறி வாங்க வருகிறார். அவ்வேடத்திற்கு நாம் பெயர் கொடுத்திருக்கிறோம். தேர்வு வரும் ஞாயிறு. தேர்வாளர்கள் வேறு மூவர்.