எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது?

நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் பேசினாள். அவள் மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணக்கா, சாதாரணக் கணக்கா என்று பள்ளியில் ஒரு தேர்வு வைத்தார்களாம். சாதாரணம் என்று கடிதம் வந்துவிட்டது. "எட்டாவதுல அல்ஜீப்ரா எடுத்தாத்தான் பன்னிரண்டாவதுல கால்குலஸ் வரும் அண்ணா. அவனுக்குக் கணக்கு மூளை இல்லையோன்னு பயமா இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

அவள் சொன்ன படிவரிசை உண்மைதான். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, இரண்டாம் அல்ஜீப்ரா, பிரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று அங்கே ஆண்டுக்கு ஒரு படி. அட்வான்ஸ்டு வகுப்பு வழியாக எட்டாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் மேல்படிக்குப் போய்விடுகிறது. ஒன்பதில் தொடங்குவது, கோடை விடுமுறையில் படித்தோ ஒரே ஆண்டில் இரண்டு பாடம் எடுத்தோ எட்டிப் பிடிக்க வேண்டும். பதினொரு வயதில் எழுதிய ஒரு தேர்வு, பதினேழு வயதில் போடும் கல்லூரி விண்ணப்பம்வரை கூடவே வருகிறது.

என்னைத் தைத்தது 'கணக்கு மூளை' என்ற சொல். சாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். தலையெழுத்து என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பாள். ஒரு மணி நேரத் தேர்வு தன் பிள்ளையின் மண்டைக்குள் இருப்பதைப் படித்துவிட்டது என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்புகிறாள். அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் நான்கைந்து வருடமாகக் குமோன் என்ற தனிப்பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். பாதிக்கு மேல் என்றாள். அப்படியானால் அந்தத் தேர்வு அளந்ததில் பெரும்பங்கு பயிற்சி. பயிற்சியை வாங்கியது பணம். அதற்குத்தான் மூளை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கணக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோக உழைத்த பாப் மோசஸ் என்ற கறுப்பினப் போராளியைத் தமிழில் அதிகம் பேர் அறியமாட்டார்கள். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடிபட்டு, சிறை சென்றவர். 1982இல் அவர் மகள் எட்டாம் வகுப்பு. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அவள் படித்த பள்ளியில் அல்ஜீப்ரா சொல்லித் தரவில்லை. வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து மகளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. உங்கள் பிள்ளை அல்ஜீப்ரா படிக்க வேண்டுமா? எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமா? தன் பிள்ளை படிக்கட்டும் என்றே பெற்றோர் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் என்றபோது அத்தனை பேரும் ஆமாம் சொல்லவில்லை. வாக்குரிமை போலக் கணக்கும் உரிமை என்று சொல்லி, சாகும்வரை அதற்காக உழைத்தார் மோசஸ்.

அந்த இரண்டு கேள்விகளையும் நம் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். நம் பதில் வேறாக இருக்குமா?

கதவைச் சாத்துவதால் சமத்துவம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்டப் பள்ளிகள் 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நீக்கிவிட்டன. எல்லாரும் ஒன்பதில்தான் என்றார்கள். வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள். வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளை காத்திருந்தது. பத்தாண்டு கழித்து, 2024இல், அந்த நகர மக்களே பெருவாரியாக வாக்களித்து அல்ஜீப்ராவைத் திரும்பக் கேட்டார்கள். டல்லாஸ் நகரம் வேறு வழியில் போனது. பெற்றோர் வந்து கேட்டால்தான் அட்வான்ஸ்டு வகுப்பு என்றிருந்ததை மாற்றி, தகுதியுள்ள பிள்ளையைப் பள்ளியே சேர்த்துவிடும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்றது. கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் முன்பைவிட மிக அதிகமாக அந்த வகுப்புகளுக்குள் வந்தார்கள். ஒரே வருடத்தில் அவர்களுக்கு மூளை வளர்ந்துவிடவில்லை. 2023இல் டெக்சாஸ் மாநிலமே இதைச் சட்டமாக்கியது: ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 விழுக்காட்டில் வரும் பிள்ளைகளை அப்படிச் சேர்க்க வேண்டும்.

பிள்ளையை முன்கூட்டியே தரம் பிரிப்பது நமக்குப் புதிய பாடமா? 1953இல் ராஜாஜி ஆட்சி, பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். அடுத்த ஆண்டு காமராசர் வந்து அது ஒழிந்தது. அது நிலைத்திருந்தால் என் சித்தி மகளின் தகப்பனார் பொறியியல் படித்திருக்க மாட்டார். அவளும் அமெரிக்கா போயிருக்க மாட்டாள்.

அவளிடம் ஒன்று சொன்னேன். அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர், ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தால் வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது என்று பையனிடம் கேள். விளக்கிச் சொன்னானென்றால் பள்ளிக்குப் போய் மேல் வகுப்பு கேட்டு வாதாடு. தடுமாறினால், மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டில் திணிக்கும் அந்த அட்வான்ஸ்டு வகுப்புக்கு இப்போது அனுப்பாதே. பின்னம் புரியாமல் அல்ஜீப்ராவுக்குள் போகும் பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்து, பிறகு கணக்கையே வெறுக்கும். ஒரு வருடம் பொறுத்துப் படிப்பதில் எந்த அவமானமும் இல்லை.

எதுவானாலும் 'உனக்குக் கணக்கு வராது' என்ற சொல்லை அந்தப் பிள்ளை காதில் போட்டுவிடாதே. பள்ளி முதல்வரைப் பார்க்கப் போகும்போது குமோனுக்குப் போக வசதியில்லாத மற்றப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள். உன் மகனுக்குக் கேட்பதை அவர்களுக்கும் சேர்த்துக் கேள்.