ஐதிஹ்யமும் அநுஷ்டானமும்

புராதனமான திருக்கோயிலுக்கு யாத்திரை செல்வோர் அங்கு வழங்கும் ஸ்தலக் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. அது நடந்ததுதானா என்னும் ஐயம் எழுவதும் இயல்பே. அவ்வையத்தோடு நின்றுவிடுவது தகுமா என்பதே சிந்திக்கத்தக்கது.

அசோக் நகர் 1960களில் எழுந்த புதுக் குடியிருப்பு. அங்குள்ள அன்பர்கள் ஸேவிக்கச் செல்லும் திருவல்லிக்கேணியோ ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த பழம்பதி. அங்கே உற்சவர் ஸ்ரீபார்த்தஸாரதியின் திருமுகமண்டலத்தில் வடுக்கள் உண்டு. ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதிபூண்டு தேர் செலுத்திய எம்பெருமான், பீஷ்மரின் அம்புகளைத் தானே ஏற்ற அடையாளம் அவை என்பது ஐதிஹ்யம். வார்ப்பில் விழுந்த புள்ளிகள் என ஒருவர் கருதவும் கூடும்.

பிற நாட்டிலும் இத்தகைய கதைகள் உண்டு. ஜப்பானில் நாரா நகரத்துக் கசுகா ஆலயம் ஷின்டோ சமயத்தாரின் தொன்மையான வழிபாட்டிடம். அதன் தெய்வம் வெண்மான் மீதேறி வந்ததாகச் சொல்வர். வெண்மானை இன்று யாரும் காட்ட இயலாது. ஆயினும் அக்கதையை நம்பிய மக்கள் காத்த மான்கள் அந்நகரில் அச்சமின்றித் திரிகின்றன. 1957ல் அந்நாட்டரசு அவற்றை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அங்ஙனமாயின் நன்மை பயக்கும் கதையெல்லாம் சரித்திரமாகிவிடுமோ? ஆகாது. கதை வேறு, கல்வெட்டு வேறு. திருவல்லிக்கேணியிலேயே தந்திவர்ம பல்லவனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கோயில் நிலம் அடகு வைக்கப்பட்டதால் பெருமாளின் அமுதுபடி குறைந்தது. புகழ்த்துணை விசையரையன் என்பார் அந்நிலத்தை மீட்டு அதனை முன்போல் நடத்துவித்தார் என்று அது கூறுகிறது. இது ஐதிஹ்யமன்று, பதிவு பெற்ற செய்தி.

எனினும் இரண்டும் உணர்த்தும் தர்மம் ஒன்றே. அடைக்கலமானவனுக்கு நேரும் துன்பத்தைத் தான் தாங்கினான் தேர்ப்பாகன். பிறர் வைத்த அடகைத் தன் பொருள் கொண்டு மீட்டார் அவ்வடியவர். ஸ்தலக் கதை மெய்யா என்பதற்குச் சான்று தேடுவது அறிஞர் கடமை. கேட்டவன் அதற்கேற்ப ஒழுகுகிறானா என்பதற்குச் சான்று அவனது வாழ்க்கையே.

திருமுகத்து வடுக்களை ஸேவித்து மீள்பவர், அண்டை வீட்டார் சுமையில் ஒரு பங்கேனும் ஏற்பாராயின் யாத்திரை பலித்ததாகும். ஏலாராயின், கதை மெய்யாகவே இருப்பினும் அவருக்கு அது வெறுங்கதையே.