கடல் இல்லாத கரை

சும்மா இருப்பது குற்றமா? உழைப்பே அறம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு நாள் ஓய்ந்திருந்தாலே மனம் உறுத்துகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு பெரம்பலூர்ப் பக்கம் காரைக்குப் போயிருந்தேன். கடற்கரைக்குப் போனோம் என்றே சொல்லலாம். கடல்தான் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டது! சிப்பியும் சுறாவின் பல்லும் கல்லாகிக் கிடக்கும் மண் அது. அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமொன்றே கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியலார் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகறியச் செய்தார்.

அந்தியில் வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். "இன்றைக்கு என்ன சாதித்தோம்?" என்றார் ஒரு நண்பர்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலின் சிற்றுயிர்கள் விட்டுச் சென்ற ஓடுகள்தாமே? அது சிமெண்டாகி இன்று நம் வீடுகளைத் தாங்குகிறது. எதையும் சாதிக்க எண்ணியா அவை வாழ்ந்தன?

ஓய்வு குற்றமன்று. ஆனால், அந்தக் கல்லை வெட்டுகிறவர்களுக்கும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு இப்படியோர் அந்திப்பொழுது கிடைக்க வேண்டும். அதுவரை, நம் ஓய்வில் ஒரு பங்கு அவர்களிடம் பட்ட கடன்தான்.