அறிவோடு கூடிய அன்பு

பிலிப்பி நகரத்துத் திருச்சபையாருக்குச் சிறையிலிருந்து கடிதம் எழுதிய பவுல், தொடக்கத்திலேயே அவர்களுக்காக ஒரு வேண்டுதல் செய்கிறார். அவர்களது அன்பு பெருக வேண்டும்; அதுவும் அறிவோடும் தெளிவோடும் பெருக வேண்டும்; அதன் பயனாக அவர்கள் கபடற்றவர்களாக விளங்க வேண்டும். கபடின்மையைக் குறிக்க அவர் ஆண்ட கிரேக்கச் சொல்லுக்கு, 'சூரிய ஒளியில் வைத்துச் சோதிக்கப்பட்டது' என மூலப்பொருள் கூறுவோர் உண்டு. அன்புள்ளவன் ஆராய மாட்டான், ஆராய்பவனிடம் அன்பு இராது என்பது பொதுவான எண்ணம். பவுலோ இரண்டையும் பிரிக்கவில்லை. இது பொருந்துமா என்பதை அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

கோலார் தங்கவயலைச் சேர்ந்தது ஊரிகம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்களின் சந்ததியினர் இன்றும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் பலர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் பாறையைக் குடைந்தபோது எழுந்த தூசு, சுவாசித்தவரின் நுரையீரலைவிட்டு அகல்வதில்லை.

அங்கே முதிய தொழிலாளி ஒருவர் இரவெல்லாம் இருமுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டார் இரக்கமுள்ளவர். ஞாயிறுதோறும் ஆலயத்திலிருந்து திரும்புகையில் இருமல் மருந்துக்குப் பணம் தருகிறார். 'கர்த்தர் சுகம் கொடுப்பார், எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார். இதில் போலித்தனம் சிறிதுமில்லை. ஆனால் அந்த இருமல் எதனால் வந்தது? காசநோய் எனில், ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவறாது மருந்துண்டால் பெரும்பாலும் குணமாகும். சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் எனில், நுரையீரலில் விழுந்த தழும்பு மாறாது. அத்தகைய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். மார்புப் படமும் சளிப் பரிசோதனையும் இன்றி இதனை அறிய இயலாது. அதற்கு ஒரு நாள் முழுதும் அவரோடு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். பணம் கொடுப்பது அதைவிட எளிது!

சிலிக்கோசிஸ்தான் எனத் தெரிந்தபின் சோதனை மேலும் கடுமையாகிறது. 'சரியாகிவிடும்' என்ற சொல் இப்போது பொய். அது பெரும்பாலும் சொல்பவரின் சங்கடத்தையே தணிக்கிறது. உண்மையை அறிந்தால், எஞ்சிய நாட்களை எவ்வாறு கழிப்பது என்று முதியவரே முடிவு செய்யலாம். சட்டம் தொழில்நோயாக ஏற்றுள்ள இதற்கு இழப்பீடு பெற வழியுண்டா என விசாரிக்கலாம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அதற்காக உண்மையைக் கல்லைப்போல் அவர்மீது எறிவதும் தகாது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டறிவதும் பவுல் வேண்டிய தெளிவில் அடங்கும்.

இயேசு கூறிய கதையில் வரும் நல்ல சமாரியன் எதையும் விசாரிக்கவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த இனத்தான், உதவிக்குத் தகுதியானவனா என்று அவன் கேட்கவில்லைதான். ஆனால் காயத்தை அருகில் சென்று பார்த்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகன மிருகத்தின்மீது ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் தான் திரும்பி வருகையில் தருவதாகவும் சொல்லிச் சென்றான்.