தோள் இளகினால் விரல் பாடும்

வாத்தியம் கையில் இருக்கலாம். இசை உடம்பில்தான் தொடங்குகிறது. இலங்கையின் உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் அம்பா எனும் தொழிற்பாட்டைப் பாடும்போது, பாட்டும் மூச்சும் கால்வைப்பும் ஒன்றாகின்றன. தாளம் தோளில் ஏறிவிடுகிறது. தோளை இறுக்கி வயலின் பழகுபவரோ, பாடத்தோடு அந்த இறுக்கத்தையும் பழகிக்கொள்கிறார். மேடையில் குரல் அடைத்துப்போன நடிகர் எஃப். எம். அலெக்சாண்டர் தம்மைக் கண்ணாடியில் கவனித்துக் கண்ட உண்மையும் இதுதான்; அவர் வகுத்த பயிற்சி இலண்டன் றோயல் இசைக் கல்லூரியில் பாடமாகவே இருக்கிறது. நாதஸ்வரத்துக்கு மூச்சு, மிருதங்கத்துக்கு மணிக்கட்டு, வீணைக்கு முதுகு: முதல் சுரத்துக்கு முன்பே இவை சுருதி சேர வேண்டும். விரலை விரட்டினால் வேகம் வரும். மனம் அமர்ந்தால்தான் இசை வரும். பழகும் நேரத்தைக் கூட்டுமுன், பழகும் உடம்பைத் தளர்த்திக்கொள்வோம்.