பரவாயில்ல

அம்மாவுக்கு வலது தோள்பட்டையில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆனபோது, பிசியோதெரபி அறையில் ஒரு தாளை என் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. "நீங்களே அம்மாகிட்ட கேட்டு டிக் பண்ணிடுங்க சார்." கோட் போட முடிகிறதா, அந்தப் பக்கம் சாய்ந்து தூங்க முடிகிறதா, தலை சீவ முடிகிறதா, உயரமான அலமாரியை எட்ட முடிகிறதா, பந்தைத் தலைக்கு மேலாக வீச முடிகிறதா என்று பத்துக் கேள்விகள். கோட்டை நான் ஜாக்கெட் ஆக்கினேன். பந்தை என்ன ஆக்குவது என்று தெரியவில்லை. "யாரு மேல வீசணும்?" என்று கேட்டுச் சிரித்தாள் அம்மா.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "பரவாயில்லடா."

தாளில் இருந்தவை நான்கு கட்டங்கள்: முடியவில்லை, ரொம்பக் கஷ்டம், கொஞ்சம் கஷ்டம், கஷ்டமில்லை. 0 முதல் 3 வரை. பரவாயில்லையை எந்தக் கட்டத்தில் போடுவது? முன்னைக்குத் தேவலாம் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. தாங்கிக்கொள்கிறேன் என்றும் உண்டு. பேச்சை விடு, வீட்டுக்குப் போகலாம் என்றும் உண்டு. நான் பெரும்பாலும் 2 போட்டேன், சில இடங்களில் 3.

அமெரிக்கத் தோள், முழங்கை அறுவைசிகிச்சையாளர்களின் அமைப்பு 1994-ல் வெளியிட்ட அளவுகோல் அது. மொத்தம் 100 புள்ளிகள். பாதி வலிக்கு, பாதி அந்தப் பத்து வேலைகளுக்கு. அம்மா 45-லிருந்து 65-க்கு வந்திருந்தாள். 20 புள்ளி ஏற்றம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: 20 என்றால் நிறையவா, கொஞ்சமா?

இதே கேள்வியை மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள். 1989-ல் கனடாவைச் சேர்ந்த யேஷ்கே, சிங்கர், கயாட் மூவரும் இதய, நுரையீரல் நோயாளிகளை வைத்து ஒரு வழி சொன்னார்கள். எண் எவ்வளவு ஏறியது என்பது இருக்கட்டும். நோயாளி 'எனக்கு நல்லாயிருக்கு' என்று உணர்வதற்கு எவ்வளவு ஏற வேண்டும்? அந்தக் குறைந்தபட்ச ஏற்றம்தான் அர்த்தமுள்ளது. தீர்ப்பு சொல்லும் இடத்தில் நோயாளியை உட்கார வைத்த யோசனை அது.

தோளைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. ஊரில் ஜவ்வு கிழிஞ்சிடுச்சு என்று நாம் சொல்வது, தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களில் ஒன்று கிழிவதை. 2004-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெரிய கிழிசல்களைத் தைத்துக்கொண்ட 18 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 17 பேருக்குத் தைத்த இடம் மறுபடி விட்டுப்போயிருந்தது. ஆனாலும் ஒரு வருடம் கழித்து அவர்களில் பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்கேனை மட்டும் கேட்டால் தோல்வி, ஆளைக் கேட்டால் வெற்றி. நான் ஆளைத்தான் நம்புவேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலுக்கு அந்தக் குறைந்தபட்ச எல்லையை ஓர் ஆய்வு சுமார் 11 என்கிறது, இன்னொன்று சுமார் 27 என்கிறது. 'முன்னைவிட எப்படி இருக்கிறீர்கள்?' என்ற கேள்வியை எப்படிக் கேட்கிறோம், பதிலுக்கு எத்தனை படிகள் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லை நகர்கிறது. சில ஆய்வுகளில் அந்தக் கேள்வியே கிடையாது. புள்ளிகளின் திட்டவிலக்கத்தில் பாதியை எடுத்து அதையே எல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். அம்மாவின் 20 நடுவில் நிற்கிறது. ஒரு கணக்கில் தேறிவிட்டாள், இன்னொன்றில் இல்லை.

ஆனால் என்னை உறுத்தியது புள்ளிவிவரம் இல்லை. அந்த 1989 வரையறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பெரிய பக்கவிளைவும் மிகையான செலவும் இல்லாத பட்சத்தில், சிகிச்சையை மாற்றும் அளவுக்குப் பயன் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் செலவு என்பது அடகுக்குப் போன அம்மாவின் நாலு வளையல். பயிற்சி செய்து பார்க்கலாம், அவசரமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னபோது, ஆபரேஷனே பண்ணிடலாம் என்று பிடிவாதமாக நின்றது நான். அப்படிப்பட்ட நானே ஒரு வருடம் கழித்துப் பேனாவோடு உட்கார்ந்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறேன். அவள் வேறு என்னதான் சொல்ல முடியும்? அவள் சொன்ன பரவாயில்லயில் பாதி தோளைப் பற்றியது. மீதி என்னைப் பற்றியது.

நோயாளியின் சொல்தான் அளவுகோல் என்பதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தனக்கென்று குறைவாகவே கேட்டுப் பழகியவரின் சொல்லை அப்படியே எண்ணாக்கினால், அந்தப் பழக்கமும் சேர்ந்து 'முன்னேற்றம்' என்று பதிவாகிவிடும். பற்றாக்குறையில் வாழ்கிறவர்கள் கிடைப்பதற்குத் தக்கபடி தங்கள் ஆசைகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள், அதனால் அவர்களுடைய திருப்தியை மட்டும் வைத்து நலனை அளக்காதீர்கள் என்று அமர்த்தியா சென் சொன்னது இதைத்தான். அதற்காக அவளுக்குப் பதிலாக நான் தீர்ப்பு சொல்லவும் முடியாது. இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம், அவ்வளவுதான்.

போன மாதம் கேட்டேன். "எதையெல்லாம் செய்றத விட்டுட்டம்மா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். தலையை இடது கையால்தான் சீவுகிறாளாம். பின்னி விடுவது பக்கத்து வீட்டு அக்கா. சீவும் கேள்விக்கு நான் போட்டிருந்தது 3. எந்தக் கையால் என்று தாள் கேட்டிருந்தது. நான்தான் தமிழில் சொல்லும்போது அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் காலண்டரைக் காட்டினாள். தினமும் காலையில் தாள் கிழிப்பது அவள் வேலை. இப்போது ஸ்டூலைப் போட்டு ஏறி, இடது கையால் கிழிக்கிறாள். வலது கை விரல்களைச் சுவரில் ஊர்ந்து மேலே ஏற்றும் பயிற்சியை அதற்கு நேர் கீழேயே நின்று செய்கிறாள். ஆணிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது.

"ஆணியைக் கொஞ்சம் இறக்கி அடிச்சிடட்டுமா?" என்றேன்.

"வேணாம், அது அங்கயே இருக்கட்டும். இறக்கிட்டா எனக்கு எப்படிடா தெரியும்?"