கற்றுக்கொடுக்கிற கை

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று குச்சியை வீசியவர்கள் நம் முன்னோடிகள். 1927இல் மகத்தில் அம்பேத்கரும் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னார். அப்படியிருக்க, அதே பறையை ஊரார் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாமா? எங்க செங்கல்பட்டுப் பக்கத்துத் தோழர்கள் கேட்கிறார்கள்.

நாம் மறுத்தது தோலையா, கட்டாயத்தையா? தொல்காப்பியம் ஐந்திணைக்கும் பறையைக் கருப்பொருளாக வைக்கிறது. பறை இழிவில்லை; 'வாடா, வந்து அடிடா' என்கிற அதிகாரம்தான் இழிவு. கற்றுக்கொடுக்கையில் அது தலைகீழாகிறது. தோலைத் தீயில் எப்படிக் காய்ச்சுவது, சிண்டுக்குச்சியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டு நம்ம ஆள் முன்னால அவன் நிக்கணும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையடிக்கிறார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனா விருது ஒருத்தருக்கு. ஊர் வழக்கம் சேரிக்கே. மாமல்லபுரத்துக் கடற்கரை மேடையில் பறைக்குக் கைதட்டுகிறவன், தன் ஊரில் சாவு விழுந்ததும் சேரிக்கு ஆளனுப்பினால், அவன் கேட்டது வெறும் சத்தம்தான். அவனுக்கு அடியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் நாம் இன்னொரு ஊழியம்தான் செய்கிறோம்.

அதனால, அடிக்க மாட்டேன்னு சொன்னவன் கதைதான் முதல் பாடம். அதைக் கேக்க மாட்டேங்கிறவனுக்குக் குச்சி கிடையாது.